அடர்த்தி என்ற அந்த ஒரு சொல்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தை நடத்தும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

கதிரியக்க மருந்தை உடலில் செலுத்திப் படம் எடுக்கும் அணு மருத்துவத் துறையில் நான் தொழில்நுட்பராக வேலை பார்க்கிறேன். இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அன்றாடம் என் கையால் தயாரிக்கும் ஒரு மருந்தைப் பற்றியும், என் அக்காவின் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அறிக்கையில் யாரும் விளக்காமல் விட்ட ஒரு சொல்லைப் பற்றியும் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. அந்தத் தாமதம் என்னை இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மருந்திலிருந்து தொடங்குகிறேன்.

வாரத்தின் தொடக்கத்தில் எங்கள் துறைக்கு ஒரு ஜெனரேட்டர் வந்து இறங்கும். பெயரைக் கேட்டு மின்சாரம் தரும் இயந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. பார்ப்பதற்குப் பெரிய தூக்குச்சட்டி போல இருக்கும். உள்ளே ஈயக் கவசம் என்பதால் ஒரு கையால் தூக்க முடியாது. அதற்குள் மாலிப்டினம்-99 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. 66 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துகொண்டே வரும் அது, குறையக் குறைய டெக்னீசியம்-99எம் என்ற இன்னொன்றாக மாறுகிறது. ஒரு பக்கம் உப்புநீர்க் குப்பியையும் மறு பக்கம் காற்று நீக்கிய குப்பியையும் செருகினால், உப்புநீர் உள்ளே ஓடி டெக்னீசியத்தை மட்டும் கழுவிக்கொண்டு மறுபக்கக் குப்பியில் வந்து சேரும். எங்கள் தொழிலில் இதைப் பால் கறப்பது என்றே சொல்வோம். இன்று காலையில் கறந்தால் நாளைக் காலையில் மறுபடி சுரந்திருக்கும்.

கறந்ததைச் சேர்த்துவைக்க முடியாது. டெக்னீசியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். காலை ஆறு மணிக்குக் கறந்தது நண்பகலில் பாதி, மாலை ஆறுக்குக் கால் பங்கு. ஆகவே அன்றைக்கு வரும் நோயாளிகளுக்கு அன்றைக்கே தயாரித்தாக வேண்டும். அந்தத் தெளிந்த நீரை செஸ்டாமிபி என்ற பொடி இருக்கும் சின்னக் குப்பியில் செலுத்தி, ஈய உறையோடு கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து, எடுத்து ஆறவிட்டு, தரம் பார்த்து, அளவு பிரித்து ஊசியில் ஏற்றுவேன். அடுக்களையில் பால் காய்ச்சும் நேரம்தான் ஆகும்.

இந்த ஊசியை நாங்கள் இதயப் பரிசோதனைக்குப் போடுகிறோம். ஊரில் இன்னமும் தாலியம் டெஸ்ட் என்றே சொல்கிறார்கள்; பெரும்பாலான இடங்களில் தாலியம் போய் டெக்னீசியம் வந்து வெகுகாலம் ஆகிறது. செஸ்டாமிபி இரத்தத்தோடு போய், ஆற்றல் அதிகம் செலவழிக்கும் செல்களுக்குள் புகுந்து, அங்கே ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒட்டிக்கொள்கிறது. ஓயாமல் துடிக்கும் இதயத் தசை அப்படிப்பட்டது. புற்றுநோய்ச் செல்லும் அப்படிப்பட்டதுதான்.

இதைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது சில ஆண்டுகளுக்கு முன்பு.

நெஞ்சுவலி என்று ஐம்பதைக் கடந்த ஓர் அம்மா வந்திருந்தார். மருந்திலிருந்து வரும் கதிரைப் படமாக்கும் கேமரா அவரைச் சுற்றி வந்து எடுத்த படங்களை வரிசையாக ஓட்டிப் பார்ப்பது என் வேலை. நடுவில் அசைந்துவிட்டாரா என்று தெரிந்துகொள்வதற்காக. இதயம் வளையமாக ஒளிர்ந்தது. கீழே ஈரல், பித்தப்பை, எப்போதும் போல. இடது மார்பின் வெளிப்புறத்தில் மட்டும், யாரோ விரல் நுனியால் தொட்டுவிட்டுப் போனது போல, மங்கலாக ஒரு புள்ளி. ஊசி மருந்து துணியில் சிந்திவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். அங்கியை மாற்றச் சொல்லி மறுபடி எடுத்தேன். புள்ளி அங்கேயே இருந்தது. மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் நின்றுகொண்டே இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்" என்றார். அல்ட்ராசவுண்டு எடுத்தார்கள், ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய். அக்குளுக்குப் பரவியிருக்கவில்லை. இதயத்தில் ஒன்றும் இல்லை.

இது அபூர்வக் கதை இல்லை. இதயத்துக்கு எடுத்த படத்தில் மார்பகக் கட்டி தற்செயலாகத் தெரிவதை உலகெங்கும் அணு மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். இந்த மருந்துக்கு அமெரிக்காவில் இதயத்துக்கான அனுமதி 1990இல் கிடைத்தது. மார்பகப் படத்துக்கான அனுமதி 1997இல். அப்படியிருக்க, என் அக்காவுக்கு அது ஏன் எட்டவில்லை என்பதுதான் இந்த மடலின் கேள்வி.

அக்கா தையற்காரர். டெல்டா மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அவருக்கு நாற்பத்தாறு வயதானபோது நான்தான் வற்புறுத்தி மேமோகிராம் எடுக்க வைத்தேன். எங்கே என்பது இங்கே முக்கியமில்லை. அவர்கள் செய்ததைத்தான் பெரும்பாலான இடங்களில் செய்கிறார்கள். முடிவு வந்ததும் "ஒன்றும் இல்லையம்மா, நார்மல்" என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா போனில் அதைச் சொன்னார். எனக்கும் நிம்மதி. பதினோரு மாதம் கழித்துக் குளிக்கும்போது கையில் கட்டி தட்டுப்பட்டது. மூன்று சென்டிமீட்டருக்கு மேல். அக்குளில் நெறி கட்டியிருந்தது.

அறுவைக்கு முந்தைய நாள், அக்கா பழைய காகிதங்களையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தார். ரேஷன் அட்டை நகலுக்கும் மின்கட்டண ரசீதுக்கும் நடுவில் அந்தப் பழைய மேமோகிராம் அறிக்கை இருந்தது. அப்போதுதான் முதல்முறையாக அதை முழுவதும் படித்தேன். கடைசி வரியில் புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை என்று இருந்தது. மூன்றாவது வரியில், ஆங்கிலத்தில், மார்பகம் மிகவும் அடர்த்தியானது, அது சிறிய கட்டிகளை மறைத்துவிடக்கூடும் என்று எழுதியிருந்தது. எழுதாமல் விடவில்லை. எழுதியிருந்தார்கள். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்த நான் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை. கையெழுத்திட்டவருக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

"நீ வேலை பார்க்கும் இடத்தில் இதைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் ஏதும் இல்லையா?" என்று அக்கா அன்று கேட்டார். குற்றம் சாட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சொன்ன பதில்: மருந்து இருக்கிறது, கேமரா இல்லை.

அந்தப் பதிலைத்தான் இப்போது உங்களுக்கும் விரித்துச் சொல்கிறேன்.

மார்பகத்தில் கொழுப்பும் இருக்கிறது, பால் சுரப்பிகளும் அவற்றைத் தாங்கும் நார்த்திசுவும் இருக்கின்றன. மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். சுரப்பியும் நாரும் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் கட்டி இரவு வானத்து நிலா. அடர்த்தியான மார்பகத்தில் அதுவே உப்பளத்து மேட்டில் விழுந்த ஒரு சீனிக் கல். படம் எடுத்தவர் எவ்வளவு திறமைசாலி என்பதோ இயந்திரம் எவ்வளவு விலை என்பதோ இதில் பெரிதாக மாற்றம் செய்யாது. கதிரியக்க மருத்துவர்கள் அடர்த்தியை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிக்கிறார்கள். சி, டி இரண்டும் அடர்த்தியானவை. அமெரிக்கக் கணக்குப்படி நாற்பதைக் கடந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த இரண்டு வகைக்குள் வருகிறார்கள். வயது குறையக் குறைய அடர்த்தி கூடும். நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய் மேலை நாடுகளைவிட ஏறத்தாழ பத்து ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பது உங்கள் மருத்துவர்களுக்குத் தெரியாததல்ல. அப்படியானால் மேமோகிராம் எந்த வயதில் தடுமாறுமோ, அந்த வயதுப் பெண்கள்தான் நம் மருத்துவமனை வாசலில் நிற்கிறார்கள்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நான்சி கப்பெல்லோ என்ற பெண்மணிக்கு 2004இல் இதுதான் நேர்ந்தது. ஆண்டுதோறும் தவறாமல் மேமோகிராம் எடுத்துக்கொண்டவர். கடைசியாக எடுத்ததும் நார்மல் என்று வந்தது. சில வாரங்களிலேயே மருத்துவரின் கையில் கட்டி தட்டுப்பட்டது. அதற்குள் பதின்மூன்று நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தது. தன் மார்பகம் அடர்த்தியானது என்பதை ஆண்டுக்கணக்காக எல்லா அறிக்கைகளும் குறித்திருந்தும் தனக்கு யாருமே சொல்லவில்லை என்பதை அப்போதுதான் அறிந்தார். விடவில்லை. அவருடைய போராட்டத்தால் 2009இல் கனெக்டிகட்டில் சட்டம் வந்தது: அடர்த்தியை அந்தப் பெண்ணிடமே எழுத்தில் சொல்லியாக வேண்டும். மாநிலம் மாநிலமாக அது பரவியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் விதியாக நாடு முழுவதும் 2024 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. கப்பெல்லோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 2018இல் இறந்துபோனார். ஒரு சொல்லை உரியவளிடம் சொல்லவைக்க ஒரு பெண்ணின் முழு ஆயுள் தேவைப்பட்டது. நாம் அதை ஒரு சுற்றறிக்கையில் செய்துவிடலாம்.

இனி கேமரா.

எங்களிடம் இருக்கும் பெரிய காமா கேமரா இதயத்துக்கும் எலும்புக்கும் உருவாக்கப்பட்டது. மார்பிலிருந்து தள்ளி நிற்கும். பக்கத்தில் இதயமும் ஈரலும் பளீரென்று ஒளிரும்போது மார்பகத்தின் சின்ன ஒளி மங்கிப்போகும். 1990களில் பெண்களைக் குப்புறப் படுக்கவைத்து இதே கேமராவால் மார்பகப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகள் பல தப்பிப்போயின. தொடக்க நிலையைப் பிடிப்பதற்கென்றே ஒரு பரிசோதனை வேண்டும் என்றால், சின்னதைத் தவறவிடும் பரிசோதனையால் என்ன பயன் என்று அந்த முயற்சி ஓய்ந்தது.

அதை மறுபடி கையில் எடுத்தவர்கள் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள். இயற்பியலாளர் மைக்கேல் ஓகானர், மருத்துவர் டெபோரா ரோட்ஸ், அவர்களோடு சிலர். மேமோகிராம் இயந்திரம் போலவே மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைக்கிறார்கள். ஆனால் நசுக்குவதில்லை, அசையாமல் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் அழுத்தம். அந்த இரண்டு தட்டுகளும்தான் கேமரா. காட்மியம், துத்தநாகம், டெலூரியம் மூன்றும் சேர்ந்த குறைகடத்திப் படிகம் காமா கதிரை நேரடியாக மின்குறியாக மாற்றுகிறது. கேமரா மார்பகத்தை ஒட்டி, மேலும் கீழும் இருப்பதால் சில மில்லிமீட்டர் கட்டியும் தெரிகிறது. பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரு கோணத்துக்குப் பத்து நிமிடம், இரண்டு மார்பகங்களுக்கும் நான்கு கோணம், மொத்தம் நாற்பது நிமிடம். மூலக்கூறு மார்பகப் படம் என்று இதைத் தமிழில் சொல்லலாம். இங்கே படத்தை உண்டாக்குவது திசுவின் வெண்மை இல்லை, செல்லின் உழைப்பு. அதனால் அடர்த்தி திரைபோடுவதில்லை.

2011இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் அடர்த்தியான மார்பகமுள்ள 936 பெண்கள். அவர்களில் 11 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. மேமோகிராம் தனியாகக் கண்டுபிடித்தது 3 பேரை. இந்தப் படமும் சேர்ந்தபோது 10 பேரை. அப்போது கதிர்வீச்சின் அளவு அதிகம் என்ற குறை இருந்தது. மருந்தின் அளவைப் பாதிக்கும் கீழே குறைத்து, சுமார் 300 மெகாபெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மட்டும் கொடுத்து, 1,585 பெண்களிடம் மறுபடி பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். புற்றுநோய் இருந்தவர்கள் 21 பேர். மேமோகிராம் மட்டும் கண்டது 5. இரண்டும் சேர்ந்து கண்டது 19.

ஐந்துக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் இருக்கும் பதினான்கு பெண்களை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மஞ்சள் பை நினைவுக்கு வருகிறது.

இதன் குறைகளை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரோ சொல்லி நீங்கள் என்னைச் சந்தேகிக்க வேண்டாம். மேமோகிராமின் கதிர்வீச்சு மார்பகத்தோடு நின்றுவிடும், அளவும் சுமார் அரை மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இந்த ஊசி உடல் முழுவதும் போகும். குறைத்த அளவிலும் சுமார் இரண்டரை மில்லிசீவர்ட் ஆகிறது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக ஓராண்டில் நம் மீது படும் சராசரி அளவுக்கு இது ஏறக்குறையச் சமம். இதயப் பரிசோதனைக்கு ஒரே நாளில் இரண்டு தவணையாக நாங்கள் போடும் மருந்தில் ஏறக்குறைய கால் பங்கு. ஆபத்து என்று அலற வேண்டியதில்லை, அதற்காக எல்லாப் பெண்களுக்கும் ஆண்டுதோறும் போடக்கூடியதும் இல்லை. அடுத்து, ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் இல்லை. அதே 2015 ஆய்வில், மேலதிகச் சோதனைக்குத் திரும்ப அழைக்கப்பட்டவர்கள் 11 சதவீதத்திலிருந்து 17.6 சதவீதமாக உயர்ந்தார்கள். திரும்ப அழைக்கப்படும் பெண் அந்த நாட்களில் தூங்க மாட்டார். அதுவும் ஒரு செலவுதான், கணக்கில் எழுதாத செலவு. மார்புச் சுவரை ஒட்டி ஆழத்தில் இருப்பது தட்டுகளுக்குள் வராமல் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் படத்தால் இறப்பு குறைகிறது என்று நிறுவிய ஆய்வு இன்னும் இல்லை. மேமோகிராமுக்கு அப்படி ஆய்வுகள் உண்டு. கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கும் நம் நாட்டிலேயே உண்டு: மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்த கைப் பரிசோதனை, ஐம்பதைக் கடந்த பெண்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பை ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைத்திருந்தது. ஆகவே மேமோகிராமை விட்டுவிடுங்கள் என்றோ, கிராம சுகாதார செவிலியரின் கையைவிட என் கேமரா பெரிது என்றோ நான் சொல்ல வரவில்லை. முதல் வாசலை மூடச் சொல்லவில்லை. முதல் வாசலில் "தெரியவில்லை" என்று வந்தவர்களை "இல்லை" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பாமல், இரண்டாவது வாசல் ஒன்றைத் திறந்து வையுங்கள் என்கிறேன்.

அந்த இரண்டாவது வாசலில் அணு மருத்துவம் மட்டும்தான் நிற்க வேண்டும் என்ற பிடிவாதமும் எனக்கு இல்லை. ஜப்பானில் நாற்பதிலிருந்து நாற்பத்தொன்பது வயது வரையுள்ள 72,998 பெண்களைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், மேமோகிராமோடு அல்ட்ராசவுண்டும் சேர்ந்தபோது புற்றுநோயைப் பிடிக்கும் திறன் 77 சதவீதத்திலிருந்து 91 சதவீதமாக உயர்ந்தது. ஆசியப் பெண்கள், நம் பெண்களின் வயது. அல்ட்ராசவுண்டு நம்மிடம் தாலுகா மருத்துவமனை வரை இருக்கிறது. நெதர்லாந்தில் மிக அடர்த்தியான மார்பகமுள்ள பெண்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் முளைக்கும் புற்றுநோய் பாதியாகக் குறைந்ததை 2019இல் காட்டினார்கள். எம்.ஆர்.ஐ. கூர்மையானது. ஆனால் நம் அரசு மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. அறை வாசலில் தலைக்காயமும் தண்டுவடமும் காத்திருக்கும் வரிசையை நான் பார்த்திருக்கிறேன். அங்கே நோய் இருக்கிறதா என்றே தெரியாத பெண்ணுக்கு முறை எப்போது வரும்? இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பலர், சிறுநீரகம் பழுதானவர்கள், குழாய்க்குள் படுக்க மூச்சு முட்டுகிறது என்று எழுந்து வந்துவிடுபவர்கள், இவர்களுக்கெல்லாம் எம்.ஆர்.ஐ. வசதிப்படாது. அணு மருத்துவப் படம் இவர்களுக்குப் பொருந்தும். மருந்தோ ஏற்கெனவே இங்கே ஒவ்வொரு நாளும் கறக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. அணு மருத்துவத் துறை ஏற்கெனவே இயங்கும் அரசு மருத்துவமனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே மார்பகத்துக்கென்று செய்த ஒரு கேமராவை வையுங்கள். கதிரியக்கப் பொருளுக்கான உரிமம், கவச அறை, கழிவுக்கான ஏற்பாடு, பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் அங்கே இருப்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் புதிய கருவிக்கான அனுமதி மட்டும் பெற வேண்டும். மேமோகிராமில் சி அல்லது டி என்று வந்து, அதோடு குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தவர்களை, அல்லது மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் முரண்படுபவர்களை அங்கே அனுப்புங்கள். எத்தனை பேரைக் கண்டோம், எத்தனை பேரை வீணாகப் பயமுறுத்தினோம் என்று இரண்டு ஆண்டு கணக்கு வைத்து வெளியிடுங்கள். நம் பெண்களிடம் இது எப்படி வேலை செய்கிறது என்பதை மின்னசோட்டாவின் கணக்கிலிருந்து ஊகிக்க வேண்டியதில்லை. சென்னையில் 1980களின் தொடக்கத்திலிருந்தே புற்றுநோய்ப் பதிவேடு இயங்குகிறது. கணக்கெடுக்கும் பழக்கம் இந்த மாநிலத்துக்குப் புதிதில்லை. பயன் இல்லையென்று தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அதையும் நான் ஏற்றுக்கொள்வேன். பயன் உண்டென்று தெரிந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேருங்கள்.

இன்னொன்றையும் இதே மூச்சில் சொல்ல வேண்டும். தொடக்க நிலையில் கண்டுபிடித்த பெண்ணுக்கும் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை மொத்தமாக எடுக்கும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. அதே டெக்னீசியத்தைக் கொஞ்சம் மார்பகத்தில் செலுத்தினால், கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சு எது என்று பேனா போன்ற ஒரு கருவி ஒலி எழுப்பிக் காட்டிவிடும். அந்த ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்த்து, அவை சுத்தமாக இருந்தால் மற்றவற்றை விட்டுவிடலாம். 1990களிலேயே நிலைபெற்ற முறை இது. அக்காவுக்கு அது பொருந்தவில்லை. முடிச்சுகளில் ஏற்கெனவே பரவியிருந்ததால் முழுவதும் எடுக்க வேண்டியதாயிற்று. முடிச்சுகள் போனதால் நிணநீர் வடிய வழியில்லாமல், ஆறு மாதத்தில் வலது கை வீங்கத் தொடங்கியது. கல்யாணத்தின்போது போட்ட தங்க வளையலைக் கழற்ற முடியாமல் ஆசாரியிடம் போய் வெட்டி எடுத்தோம். கத்தரிக்கோலை அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்க முடியவில்லை என்று இப்போது வெட்டும் வேலையை இன்னொரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். தைப்பது மட்டும் அவர். நோய் அடங்கியிருக்கிறது. பதினோரு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் அந்தக் கை தப்பியிருக்குமா என்று என்னிடம் கேட்டதில்லை. நான் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன்.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022இல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்தது. சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தார்கள். இறப்பு இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் தாமதம். வீடு தேடிப்போய் இரத்த அழுத்தம் பார்க்கும் திட்டத்தை நடத்திக்காட்டிய மாநிலம் இது. ஈரோடு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் 2023இல் புற்றுநோய்ப் பரிசோதனையைக் கிராமம் வரை கொண்டுபோனீர்கள். அதை நான் மனமார வாழ்த்துகிறேன். அழைப்பிதழ் கொடுத்துக் கூட்டி வருகிறோம். வந்தவளுக்கு முழு உண்மையையும் சொல்லி அனுப்ப வேண்டாமா?

கேமராவுக்குக் காலம் ஆகும். டெண்டர், அனுமதி, பயிற்சி எல்லாம் உண்டு. ஆனால் அடர்த்தி என்ற சொல்லைச் சொல்வதற்கு எந்தச் செலவும் இல்லை. அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும், மேமோகிராம் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு பெண்ணின் கையிலும் அவருடைய அடர்த்தி வகையைத் தமிழில் எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்று ஓர் ஆணை போதும். சி, டி என்று வந்தால் முடிந்தவரை அன்றைக்கே அல்ட்ராசவுண்டு எடுத்து அனுப்புங்கள். பேருந்து பிடித்துக் கூலியை விட்டுவிட்டு வந்தவளை இன்னொரு நாள் வரச் சொன்னால் அவள் வர மாட்டாள். இரவு நேரத்தில் உட்கார்ந்து அந்தத் துண்டுச்சீட்டை நானே எழுதிப் பார்த்தேன். அக்காவிடம் படித்துக் காட்டினேன். "மறைந்துவிடும்" என்று எழுதியிருந்ததை "மறைந்துபோகக்கூடும்" என்று மாற்றச் சொன்னார், படிப்பவள் பயந்துவிடுவாள் என்று. மாற்றிவிட்டேன். உங்கள் மருத்துவர்கள் திருத்தட்டும், அச்சிடுங்கள்:

"உங்கள் மார்பகம் அடர்த்தியானது. இது நோய் இல்லை; பல பெண்களுக்கு இயல்பாக இருப்பதுதான். ஆனால் அடர்த்தியான மார்பகத்தில் சிறிய கட்டி மேமோகிராம் படத்தில் மறைந்துபோகக்கூடும். அடர்த்தி மிகுந்தவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் சற்று அதிகம். ஆகவே இந்தப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதோடு நிறுத்திவிடாமல், அடுத்த பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மார்பிலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டால், தோல் சுருங்கினால், காம்பு உள்ளே இழுத்துக்கொண்டால், காம்பில் இரத்தம் கசிந்தால், அடுத்த தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே வாருங்கள். இந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்."

இப்படிக்கு,
ஓர் அணு மருத்துவத் தொழில்நுட்பர்